விபத்துக்குப் பிறகு மனம் பாதிக்கப்பட்டால் நஷ்டஈடு: இங்கிலாந்தில் மனநல மதிப்பீடு எப்படி நடக்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்னொருவருடைய கவனக்குறைவால் விபத்தில் சிக்கியவர் எலும்பு முறிவுக்கு மட்டுமல்ல, மனதுக்கு வந்த பாதிப்புக்கும் நஷ்டஈடு கேட்கலாம். நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் “தூக்கம் வரல, பயமா இருக்குன்னு சொன்னா யாரு காசு தருவா” என்று விட்டுவிடுகிறார்கள். உடலில் காயமே இல்லாமல் பயம், துக்கம், பதற்றம் என்று மட்டும் சொன்னால் சட்டம் அதை இயல்பான உணர்ச்சியாகத்தான் பார்க்கும், அது உண்மை. மருத்துவ உலகம் நோய் என்று ஏற்றுக்கொண்ட ஒன்று உங்களுக்கு வந்திருக்கிறது, அது இந்த விபத்தால் வந்தது என்று ஒரு நிபுணர் எழுதித் தர வேண்டும். அப்படி அடிக்கடி எழுதப்படும் நோய்தான் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்.

இதைத் தீர்மானிக்க மருத்துவர்களிடம் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன: ஒன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5, மற்றது உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி.-11. முதலாவதின்படி பார்த்தால், நடந்த சம்பவமே உயிருக்கு ஆபத்தானதாகவோ கடுமையான காயம் ஏற்படுத்துவதாகவோ பாலியல் வன்முறையாகவோ இருந்திருக்க வேண்டும். வேலை போனது, கல்யாணம் முறிந்தது போன்றவை எவ்வளவு வலித்தாலும் இதில் வராது. அதற்கு அப்புறம் நான்கு வகை அறிகுறிகளைப் பார்ப்பார்கள். சம்பவம் கனவாகவோ கண்முன் காட்சியாகவோ திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடம், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு ஒதுங்கிப்போவது, எப்போதும் உஷாராகவே இருந்து சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ குடும்பத்தையோ அன்றாட வாழ்க்கையையோ கெடுத்திருக்க வேண்டும். சம்பவம் நடந்து ஆறு மாதம் கழித்துத்தான் முழு அளவில் வெளிப்படுகிறது என்றால் அதற்கும் டி.எஸ்.எம்.-5-ல் இடம் இருக்கிறது. ஐ.சி.டி.-11 இதைவிடச் சுருக்கம். சம்பவம் இப்போதே நடப்பதுபோல் அனுபவிப்பது, தவிர்ப்பது, ஆபத்து இன்னும் போகவில்லை என்ற உணர்வு, இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது.

இப்போது இந்தப் பதிவிலேயே முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிபுணர் உங்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே உங்கள் ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், வைத்திருக்கும் பதிவுகளைப் படித்துவிடுவார், பெரும்பாலும் விபத்துக்குப் பல வருடம் முந்தையவற்றையும் சேர்த்து. எதிர்த்தரப்பும் படிக்கும். நம் ஆட்கள் டாக்டரிடம் போனால் என்ன சொல்கிறோம்? தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் வலி, சாப்பிட முடியவில்லை. அதைத்தான் அவர் எழுதிவைப்பார், வலி மாத்திரை கொடுப்பார். ராத்திரி விபத்தைக் கனவில் கண்டு வேர்த்து எழுந்ததையும், அந்தச் சாலைப் பக்கமே போகாமல் சுற்றிப் போவதையும், பிள்ளைகளிடம் எரிந்து விழுந்ததையும் வெட்கத்தாலோ, மனநோய் என்று பெயர் வந்துவிடுமே என்ற பயத்தாலோ சொல்லாமல் விட்டிருப்போம். ஒன்றரை வருடம் கழித்து நிபுணரிடம் முதல் தடவையாகச் சொல்லும்போது, இதுவரை ஏன் ஒரு டாக்டரிடமும் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். பதிவில் இல்லை என்பதற்காகவே வழக்கு தோற்றுவிடாது, ஆனால் அந்த இடைவெளியை எதிர்த்தரப்பு வக்கீல் விடாமல் பிடித்துக்கொள்வார். அதனால் வழக்குப் போடுகிறீர்களோ இல்லையோ, மனதில் நடப்பதை ஜி.பி.யிடம் சீக்கிரமே வாய்விட்டுச் சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அதுதான் வழி. அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையையும் கண்ணசைவோடு அதிர்ச்சி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சையையும், எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டி இந்த நோய்க்குப் பரிந்துரைக்கிறது, இரண்டும் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.-ல் கிடைக்கும். காத்திருக்கும் காலம் நீளமாக இருந்தால், எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பனி தனியார் சிகிச்சைக்கு இப்போதே பணம் தருமா என்று உங்கள் சொலிசிட்டர், அதாவது உங்கள் வழக்கைக் கவனிக்கும் வக்கீல், கேட்க முடியும். வழக்கு முடியும்வரை குணமாகாமல் இருந்தால்தான் காசு கூடும் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். சரியான காரணம் இல்லாமல் சிகிச்சையைத் தட்டிக்கழித்தால் நஷ்டஈடு குறையவே வாய்ப்பு அதிகம்.

சரி, நிபுணர் யார்? வழக்கமாக ஒரு கன்சல்டன்ட் மனநல மருத்துவர், சில வழக்குகளில் மருத்துவ உளவியலாளர். உங்கள் சொலிசிட்டர் ஏற்பாடு செய்தாலும் அவர் உங்கள் ஆள் கிடையாது. சிவில் வழக்கு நடைமுறை விதிகளின் 35-ஆம் பகுதிப்படி அவருடைய முதல் கடமை நீதிமன்றத்துக்குத்தான், யார் பணம் கொடுத்தாலும் அது மாறாது. அவர் சிகிச்சை தரமாட்டார். நீங்கள் சொல்வது வழக்கமான டாக்டர் சந்திப்பில் போல ரகசியமாகவும் இருக்காது, அறிக்கையில் வரும், அந்த அறிக்கையை வைத்து வழக்கை நடத்தினால் எதிர்த்தரப்பும் படிக்கும். இதைத் தெரியாமல் போய் உட்கார்ந்து, ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று நொந்துபோகிறவர்கள் உண்டு. அவர் ஆறுதல் சொல்லாததை வைத்து உங்களை நம்பவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சந்திப்பு பொதுவாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, வீடியோவிலும் நடக்கலாம். பிறந்து வளர்ந்தது, படிப்பு, வேலை, கல்யாணம், முன்பு இருந்த நோய்கள், குடிப்பழக்கம் என்று விபத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் கேள்விகளில் தொடங்குவார். விபத்துக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று தெரியாமல் விபத்து எதை மாற்றியது என்று சொல்ல முடியாதே, அதற்காகத்தான். “ரொம்பக் கஷ்டமா இருக்கு டாக்டர்” என்ற பதிலில் அவருக்கு எழுத ஒன்றும் கிடைக்காது. வாரத்தில் எத்தனை ராத்திரி கனவு வருகிறது, கடைசியாக எப்போது கார் ஓட்டினீர்கள், பேருந்தில் எந்த இருக்கையில் உட்காருகிறீர்கள், எந்த மாதம் வேலைக்குத் திரும்பினீர்கள், திரும்பி என்ன ஆனது, இப்போது எது கொஞ்சம் தேவலை, இந்த மாதிரி விவரம் வேண்டும். தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவதில் தப்பே இல்லை.

ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொலிசிட்டரிடம் கேளுங்கள். மகனையோ மனைவியையோ மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தற்கொலை எண்ணம் வந்ததா, தாம்பத்தியம் எப்படி இருக்கிறது, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள், பிள்ளை முன்னால் எந்த அப்பாவும் இதற்கு முழு உண்மை சொல்லமாட்டார். குடும்பத்தார் பேச விரும்பினால் தனியாகப் பேசலாம், உங்களிடம் என்ன மாற்றம் பார்த்தார்கள் என்று அவர்கள் சொல்வதற்கும் மதிப்பு உண்டு.

இலங்கையிலிருந்து போரைத் தாண்டி வந்தவர்களுக்கு இன்னொரு கவலை இருக்கிறது. பழைய காயத்தைச் சொன்னால், எல்லாம் அங்கே வந்தது, விபத்தால் ஒன்றும் இல்லை என்று தள்ளிவிடுவார்களோ என்று. மறைக்காதீர்கள். மனம் ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்தது என்பதற்காகத் தவறு செய்தவர் தப்ப முடியாது, பாதிக்கப்பட்டவர் எப்படிப்பட்டவரோ அப்படியே அவரை ஏற்க வேண்டும் என்பது இங்கே நீண்டகாலமாக உள்ள சட்டக் கொள்கை. நிபுணர் பிரித்துப் பார்ப்பது இதைத்தான்: நோய் புதிதாக வந்ததா, ஆறியிருந்தது திரும்பக் கிளம்பியதா, இருந்தது மோசமானதா, விபத்து நடக்காவிட்டாலும் இந்த நிலைக்கு வந்திருப்பீர்களா. போருக்குப் பிறகு பத்து வருடம் ஒழுங்காக வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தியவர் விபத்துக்கு மூன்று மாதத்தில் வீட்டைவிட்டு வெளியே வராமல் ஆகிவிட்டார் என்றால், அந்தப் பத்து வருடமே அவர் பக்கம் பேசும். மறைத்துவிட்டு, அது பழைய பதிவிலோ அடைக்கலக் கோப்பிலோ கிடைத்தால், மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள்.

கேள்வித்தாள்களும் தருவார்கள். பி.சி.எல்.-5 என்பதில் 20 கேள்வி, அதிகபட்சம் 80 மதிப்பெண், 31 முதல் 33-க்கு மேல் போனால் பி.டி.எஸ்.டி. இருக்கலாம் என்று கொள்வார்கள். அது ஒரு அடையாளம் மட்டுமே, நோயைத் தீர்மானிப்பது நேர்காணல்தான். எல்லாவற்றுக்கும் உச்ச மதிப்பெண் போட்டால் நல்லது என்று நினைக்கவேண்டாம், பதில்கள் பதிவுகளோடும் நேரில் தெரிவதோடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வெளியே போவதே இல்லை என்று சொல்லிவிட்டு ஃபேஸ்புக்கில் விருந்துப் படம் போட்டிருந்தால் அதுவும் வரும். 2015-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் நீதிமன்றங்கள் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, உரிமை கோருபவர் அடிப்படையில் நேர்மையற்று நடந்தார் என்று நீதிமன்றம் கண்டால், அவருக்கு உண்மையாகவே வந்த காயத்துக்கான தொகையையும் சேர்த்து முழு வழக்கையும் தள்ளுபடி செய்யலாம். ஒரு கல்யாணத்துக்குப் போனீர்கள் என்றால் போனேன், அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

தொகைக்கு நீதிபதிகள் பார்ப்பது, நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் ஜுடிஷியல் காலேஜின் நஷ்டஈட்டு வழிகாட்டி. 2024-ல் வந்த 17-ஆம் பதிப்பில் பி.டி.எஸ்.டி.க்கு நான்கு படிகள். ஓரிரண்டு வருடத்தில் ஏறக்குறைய முழுதாகக் குணமானால் 4,820 முதல் 9,980 பவுண்டு வரை. பெரும்பாலும் தேறி, மிச்சம் இருப்பது பெரிதாக முடக்கவில்லை என்றால் 28,250 வரை. சிகிச்சையால் முன்னேற்றம் வரலாம், ஆனால் கணிசமான பாதிப்பு இன்னும் நீடிக்கும் என்றால் 73,050 வரை. வேலையே செய்யமுடியாமல் வாழ்க்கை முழுதும் நிரந்தரமாகக் கெட்டுப்போன நிலைக்கு 73,050 முதல் 122,850 வரை. போன சம்பளம், சிகிச்சைச் செலவு எல்லாம் இதற்கு மேல் தனிக் கணக்கு. படிகளைப் பிரிப்பது பெரும்பாலும் இனி எப்படி இருப்பீர்கள் என்ற கணிப்புதான் என்பதால், அறிக்கையின் கடைசியில் வரும் அந்தப் பத்தியை மிகக் கவனமாகப் படியுங்கள்.

விபத்தில் நேரடியாகச் சிக்காமல் பார்த்தவர்களுக்கு வாசல் குறுகல். 1989-ல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நடந்த, 97 பேரைப் பலிகொண்ட நெரிசலில் உறவினரை இழந்தவர்கள் போட்ட அல்காக் வழக்கில், இறந்தவரோடு நெருங்கிய பாசப்பிணைப்பு வேண்டும், சம்பவத்துக்கோ அதன் உடனடி விளைவுக்கோ அருகில் இருந்திருக்க வேண்டும், தன் கண்ணாலும் காதாலும் உணர்ந்திருக்க வேண்டும் என்று முடிவானது. டிவியில் பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மருத்துவக் கவனக்குறைவால் கவனிக்காமல் விட்ட நோய் முற்றி உறவினர் இறப்பதைப் பார்த்தவர்களும் பொதுவாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் கனமாகத்தான் இருக்கிறது.

வழக்குப் போடுவதற்கான காலக்கெடு, விபத்து நடந்த நாளிலிருந்தோ, பாதிப்பையும் காரணத்தையும் அறிந்த நாளிலிருந்தோ மூன்று வருடம். சிறுவர்களுக்கு 18 வயதில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அடிதடி, கத்திக்குத்து, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களால் வந்தது என்றால் சி.ஐ.சி.ஏ. என்ற அரசு அமைப்பிடம் இலவசமாக விண்ணப்பிக்கலாம், பொதுவாக இரண்டு வருடத்துக்குள். போலீசில் புகார் இருக்க வேண்டும். மனப் பாதிப்பை மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ உறுதி செய்திருக்க வேண்டும், அது ஆறு வாரமாவது உங்களை முடக்கியிருக்க வேண்டும். அங்கே மனப் பாதிப்புக்கான தொகை 1,000 பவுண்டில் தொடங்கி 27,000 வரை போகும்.

அறிக்கை கைக்கு வந்ததும் பெயர், தேதி, வேலை விவரம், மருந்துப் பெயர் என்று வரிவரியாகச் சரிபாருங்கள். தகவல் பிழை இருந்தால் சொலிசிட்டர் மூலம் திருத்தக் கேட்கலாம். அவர் வந்த முடிவை மாற்றச் சொல்ல முடியாது, விளக்கம் கேட்டு எழுத்தில் கேள்வி அனுப்பலாம். சிகிச்சை முடிந்த பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அவரே எழுதியிருந்தால், அதற்கு முன் வரும் சமரசத் தொகையை ஏற்க அவசரப்படாதீர்கள். முழு இறுதித் தீர்வாக ஏற்றுக் கையெழுத்துப் போட்ட பிறகு நோய் முற்றினாலும் மறுபடி வந்து கேட்க வழி கிடையாது.