அல்லேஜ்: சொல்லும் பொருளும்

எண்ணெய்க் கப்பலின் சரக்குத் தொட்டியில், மேல்தளத்திலுள்ள குறிப்புப் புள்ளியிலிருந்து திரவத்தின் மேற்பரப்பு வரையுள்ள இடைவெளியை ‘அல்லேஜ்’ என்கிறோம். அடித்தட்டிலிருந்து மேற்பரப்பு வரையுள்ள திரவத்தின் ஆழம் ‘சவுண்டிங்’ ஆகும். இரண்டையும் கூட்டினால் அத்தொட்டியின் குறிப்பு உயரம் கிடைக்க வேண்டும். குறிப்பு உயரம் 20.50 மீட்டராகவும் அல்லேஜ் 3.20 மீட்டராகவும் இருந்தால் சவுண்டிங் 17.30 மீட்டர்.

இச்சொல் மதுப் பீப்பாய்களிலிருந்து கப்பலுக்கு வந்தது. பீப்பாயின் அடைப்புத் துளையைப் பழைய பிரெஞ்சு மொழியில் ‘கண்’ என்றனர். அந்தக் கண் வரை மதுவை ஊற்றி நிரப்புவதற்கு அதிலிருந்தே ஒரு வினைச்சொல் பிறந்தது. வேர், கண்ணைக் குறிக்கும் ‘ஒக்குலுஸ்’ என்னும் இலத்தீன் சொல். ஊசிக்கும் சல்லடைக்கும் தேங்காய்க்கும் கண் உண்டு என்று பேசும் நமக்கு இந்த வழக்கு அந்நியமன்று. நிரப்ப வேண்டிய குறை என்ற பொருள், பின்னர் நிரம்பாத இடம் என்று நிலைபெற்றது.

தமிழில் இதை ‘வெற்றிடம்’ என்பது பிழை. அங்கே ஆவியோ, தீப்பிடிக்காதிருக்கச் செலுத்தும் மந்த வாயுவோ நிறைந்திருக்கிறது. ‘குறைமட்டம்’ மூலப்பொருளுக்கு நெருக்கமானதுதான், ஆயினும் திரவம் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டதாக அறிவிக்கும் எச்சரிக்கையோடு அதைக் குழப்பிக்கொள்ள இடமுண்டு. எனவே இடத்தை ‘மேல்வெளி’ என்றும், அளவை ‘மேல்வெளி ஆழம்’ என்றும் வழங்குவதே தகும் என்பது என் கருத்து. கிணற்றில் தண்ணீர் நாற்பது அடியில் கிடக்கிறது என்று சொல்லும்போது நாம் கூறுவதும் மேல்வெளி ஆழத்தைத்தான்.

இந்த வேறுபாடு மட்ட உணரிகளைச் சோதிக்கும்போது மிகவும் உதவுகிறது. மேல்தளத்து ரேடார் கருவி நுண்ணலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு மேல்வெளி ஆழத்தை நேரடியாக அளக்கிறது. திரவ ஆழம் அதற்குக் கணக்கால் கிடைப்பது. அடித்தட்டருகே உள்ள அழுத்த உணரியோ திரவ ஆழத்தை அழுத்தத்திலிருந்தும் அடர்த்தியிலிருந்தும் பெறுகிறது. மேல்வெளி அதற்குக் கணக்கு. ஆகையால் இரண்டும் முரண்படும்போது, எந்தக் கருவி எதை அளந்தது, எதைக் கணக்கிட்டது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: மந்த வாயுவின் அழுத்தம் 600 மில்லிமீட்டர் உயர நீர்த் தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கிறது, சரக்கின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 0.8 பங்கு. மேலேயுள்ள வாயுவின் அழுத்தத்தைக் கழித்துத் தரும் இரண்டாம் உணரி பழுதாகியிருந்தாலோ, அதன் குழாய் அடைபட்டிருந்தாலோ, அடி உணரி அந்த வாயு அழுத்தத்தையும் சரக்கின் எடையாகவே எடுத்துக்கொண்டு, திரவ ஆழத்தை 750 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். பிழையை அடர்த்தியால் பெருக்கிவரும் எண் வாயு அழுத்தத்தோடு ஒத்துப்போனால், அடி உணரியைக் கழற்றுமுன் அந்த இரண்டாம் உணரியைப் பார்ப்பதே முறை.

அழுத்த உணரியின் மின்னோட்டம் பொதுவாக 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை அமையும். 12 வந்தால் அளவெல்லையின் பாதி என்று பொருள். 4-க்கு வெகுவாகக் கீழே இறங்கினால் தொட்டி காலி என்று கொள்ளலாகாது, கம்பி அறுந்திருக்கலாம்.

ரேடாரில், சூடேற்றிய சரக்கின் ஆவி படிந்து அலைவாங்கி அழுக்கேறுவது வழக்கமான கோளாறு. சரக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதும் எண் அசையாமல் நின்றால், தொட்டிக்குள் உள்ள ஏணியிலோ குழாயிலோ பட்டுத் திரும்பும் போலி எதிரொலியைச் சந்தேகிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, வாயு வெளியேறாத அடைப்பிதழ் வழியாக யு.டி.ஐ. நாடாவை (மேல்வெளி ஆழம், வெப்பநிலை, எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவி) இறக்குகிறார்கள், திரவம் தொட்டதும் அது ஒலி எழுப்பும். நாடாத் துளையும் ரேடாரும் தொட்டியின் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், கப்பலின் முன்பின் சாய்வுக்கும் பக்கச் சாய்வுக்கும் திருத்தம் செய்யாதவரை, பழுதே இல்லாத இரு கருவிகளும் வெவ்வேறு எண்களையே காட்டும்.