கிருபாசனம்: இருக்கையா, மூடியா?

‘கிருபாசனத்தண்டை வருகிறோம்’ என்று ஜெபிக்காத தமிழ்ச் சபை அரிது. கிருபா, ஆசனம் என்ற இரண்டு வடசொற்கள் புணர்ந்து கிருபாசனம் ஆயின. நேர்ப்பொருள் ‘அருள் இருக்கை’. ஆனால் எபிரெய மூலத்தில் உள்ள ‘கப்போரெத்’ என்ற பெயரில் இருக்கையும் இல்லை, கிருபையும் இல்லை.

கப்போரெத் என்பது இஸ்ரவேலரின் புனிதப் பெட்டியான உடன்படிக்கைப் பெட்டியின் மேல் மூடியாக வைக்கும் பசும்பொன் தகடு. யாத்திராகமம் 25-இன்படி நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம். ஏறத்தாழ 112 செ.மீ., 67 செ.மீ. கனம் சொல்லப்படவில்லை. இரு முனைகளிலும் பொன்னை அடித்துச் செய்த கேரூபீன்கள் (சிறகுள்ள தெய்வீக உருவங்கள்) தகட்டோடு ஒரே வேலைப்பாடாக இருக்கும். கீழே பெட்டிக்குள் நியாயப்பிரமாணக் கற்பலகைகள், அதாவது பத்துக் கட்டளைகள்.

இதன் வேர் க-ப-ர். ‘மூடு’ என்பர் சிலர், ‘துடை’ என்பர் சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. எப்படியானாலும் பாவநிவிர்த்தி செய்வதற்கான ‘கிப்பேர்’ என்ற வினையும், யோம் கிப்பூர் என்ற யூதரின் பாவநிவிர்த்தி நாளின் பெயரும் இதே வேரிலிருந்து வந்தவை. அந்த நாளில், அதாவது ஏழாம் மாதம் பத்தாம் தேதியில், பிரதான ஆசாரியன் செய்ய வேண்டியதை லேவியராகமம் 16 வரிசையாகச் சொல்கிறது. முதலில் தூபப் புகை தகட்டை மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் சாவான். பிறகு காளையின் இரத்தத்தை விரலால் தகட்டின்மேல் தெளித்து, அதற்கு முன்பாக ஏழு தரம் தெளிக்க வேண்டும். அடுத்து ஜனங்களுக்கான ஆட்டின் இரத்தத்தையும் அப்படியே. தீர்ப்புச் சொல்லும் பலகைகளுக்கும் மேலே தோன்றும் தேவ பிரசன்னத்துக்கும் நடுவில் இரத்தம் தெளித்த மூடி என்பது பிற்காலப் போதகர்களின் விளக்கம். வசனம் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தக் காட்சிக்குப் பொருந்தும் விளக்கம்தான்.

இருக்கை எங்கிருந்து வந்தது? பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் ‘ஹிலாஸ்தேரியோன்’ என்றது. பாவநிவிர்த்திக்கு உரியது என்று பொருள். லத்தீன் மொழிபெயர்ப்பும் அவ்வழியே போயிற்று. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர்தான் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ‘க்னாடன்ஷ்டூல்’, அதாவது அருள் இருக்கை என்றார். கர்த்தர் கேரூபீன்கள் நடுவே வீற்றிருப்பதாகச் சங்கீதம் 99 பாடுவதால் இதை அடியோடு தள்ளவும் முடியாது. ஆனால் 1 நாளாகமம் 28:2 பெட்டியைப் பாதபடியோடு சேர்த்துப் பேசுகிறது. காலடிக்கும் ஆசனத்துக்கும் வித்தியாசம் உண்டு.

குழப்பம் எபிரெயர் நிருபத்தில் முற்றுகிறது. 9:5-இல் கிரேக்கச் சொல் ஹிலாஸ்தேரியோன். 4:16-இல் இருப்பதோ ‘த்ரோனோஸ்’, சிம்மாசனம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டையும் ‘கிருபாசனம்’ என்றே சொல்கிறது. லூத்தரிடமும் இதே கலப்பு இருக்கிறது. இதனால் 4:16-ஐ வைத்துப் பெட்டியின் மூடியைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் உண்டு. அந்த வசனம் பேசுவது ராஜாவின் சமுகத்துக்குத் தைரியமாகப் போவதை.

ரோமர் 3:25-இல் நேர்மாறு. அதே ஹிலாஸ்தேரியோன் அங்கே ‘கிருபாதாரபலி’ ஆகிவிடுகிறது. மூலச் சொல்லில் ‘பலி’ என்ற பாகம் இல்லை. தேவன் தம் நீதியை விட்டுக்கொடுக்காமல் பாவியை நீதிமானாக்கும் இடம் கிறிஸ்து என்கிறார் பவுல். லேவியராகமத்தின் மூடி அவர் மனதில் இருந்திருக்கலாம். தமிழ் மட்டும் வாசிப்பவருக்கு அந்தத் தொடர்பு தெரிய வழியே இல்லை.

பிற்காலத் தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மூடியை ‘இரக்கத்தின் இருக்கை’ என்கிறது. தமிழ் நல்லது, இருக்கை மட்டும் போகவில்லை. ரோமரில் அது எடுத்த ‘கழுவாய்’ அருமையான தேர்வு. புறநானூறு 34-இலேயே பாவத்துக்குப் பரிகாரம் என்ற பொருளில் வரும் சொல். அதைக்கொண்டே கப்போரெத்தைக் ‘கழுவாய் மூடி’ எனலாம். எபிரெயர் 4:16-க்கு ‘அருள் அரியணை’ போதும். ஜெபத்தில் கிருபாசனம் இருந்துவிட்டுப் போகட்டும். வேதபாட வகுப்பில் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.