யானையும் குதிரையும் இருந்தால் போராகிவிடுமா?

பழைய சுவரோவியங்களைப் பாதுகாப்பது என் வேலை. மாணவர்களிடம் பேசப் போகும்போது ஒரு படத்தைப் பெயர் சொல்லாமல் காட்டுவேன். வெள்ளை யானைமேல் ஒருவர், பாயும் குதிரைமேல் இன்னொருவர். "என்ன நடக்குது?" என்று கேட்டால் பாதிப் பேர் போர் என்பார்கள். சிலர், "ஏதோ சோகம், ஒரே இருட்டா இருக்கே" என்பார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில் இருக்கும் சோழர் கால ஓவியம் அது. அதன்மேலேயே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து சொன்ன பிறகுதான் அடியில் இப்படி ஒன்று இருப்பது வெளியே தெரிந்தது. ஆக, மாணவர்கள் பார்த்த இருட்டு, காரை பெயர்ந்த திட்டும் காலத்தின் அழுக்கும். ஓவியர் தீட்டிய உணர்ச்சி அதில் இல்லை. எந்தப் பழைய படத்தைப் பார்த்தாலும் இதை முதலில் பிரித்துவிடுங்கள்.

சரி, போரா? எதிரி எங்கே என்று தேடச் சொல்வேன். கிடைக்க மாட்டான். அப்புறம் மேலே பார்க்கச் சொல்வேன். அங்கே விண்ணவர்கள் பூத்தூவுகிறார்கள், இசைக்கிறார்கள். அந்த இடத்தில் வகுப்பே அமைதியாகிவிடும்.

யானைமேல் இருப்பவர் தேவாரம் பாடிய சுந்தரர். சேரநாட்டுத் திருவஞ்சைக்களத்திலிருந்து சிவன் இருக்கும் கயிலைக்குப் போகிறார். குதிரையில் அவர் தோழர், சேர மன்னர் சேரமான் பெருமாள். உலகக் கணக்கில் இது ஒரு மரணம், ஆனாலும் ஊர்வலமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஏன் என்பதற்குச் கயிலையைப் பற்றிச் சுந்தரர் பாடிய திருநொடித்தான்மலைப் பதிகத்திலேயே விடை இருக்கிறது: "வானெனை வந்தெதிர் கொள்ள மத்தயானை அருள்புரிந்து". வானமே எதிர்கொண்டு அழைக்க வருகிறது. பூத்தூவும் கைகளை இந்த வரியோடு சேர்த்துப் பாருங்கள், படத்தின் உணர்ச்சி பிடிபடும்.

பலரும் பெரியபுராணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோட்டுக்கும் பொருள் சொல்கிறார்கள். கோயில் குடமுழுக்கு 1010-ல். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு. ஓவியருக்கு முன்னால் இருந்தது பதிகமும் அன்றைய வழக்கிலிருந்த கதையும்தான். ஆனாலும் சேக்கிழார் சொல்லும் ஒன்று எனக்கு இந்தப் படத்தைத் திறந்துவிட்டது. யானை இறைவன் அனுப்பியது. குதிரையை யாரும் அனுப்பவில்லை. நண்பர் போகிறார் என்று தெரிந்ததும் சேரமான் அதன் காதில் ஐந்தெழுத்தை ஓதிக் கிளம்புகிறார். அழைப்பு கிடைத்தவரும் அழைக்காமலே வந்தவரும் ஒரே சுவரில், ஒரே திசையில். நான் பார்த்த சுவர்களில் நட்பை இவ்வளவு வேகமாகச் சொன்ன படம் வேறில்லை.

இதையெல்லாம் படிக்கச் சுவர் மிஞ்ச வேண்டும். ஒரு சிற்றூர்க் கோயிலில், நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று ஒருவர் ஈரத்துணியால் ஓவியத்தைத் துடைத்துக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அன்பாகத்தான் செய்தார். துணியில் காவி நிறம் ஒட்டியிருந்தது. தண்ணீர், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். திருப்பணிக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், பழைய காரையில் கோடோ நிறமோ தெரிகிறதா என்று பார்த்து, முதலில் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். எடுத்த படத்தில் நிறத்தைக் கூட்டாதீர்கள்.