சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்

"கம்ப்ளைன்ட் கொடுத்துட்டேன் சார், ரசீதுகூட இருக்கு." என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் சொல்லிக்கொண்டேதான் பையிலிருந்து மடித்த தாளை எடுக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் சி.எஸ்.ஆர். ரசீது. வண்டி திருடு போய் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அதுவரை அந்தத் தாளைத்தான் எஃப்.ஐ.ஆர். என்று நம்பியிருப்பார்கள். எழும்பூர், சைதாப்பேட்டை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞன் நான். "இது எஃப்.ஐ.ஆர். இல்லைங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லி மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சி.எஸ்.ஆர். என்றால் கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர். நம் மாநிலக் காவல் நிலையங்களில் இருக்கும் ஒரு மனுப் பதிவேடு. நீங்கள் கொடுத்த மனு வந்து சேர்ந்தது என்று எழுதி, ஒரு வரிசை எண் போட்டு ரசீது தருவார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு பதிவேடே கிடையாது. இதில் குற்ற எண் விழாது, நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு நகல் போகாது, விசாரணை அதிகாரி என்று யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. "இறுதி அறிக்கை எங்கே?" என்று எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை. இதெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் தொடங்கும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கி உணவு டெலிவரி செய்துவந்த ஓர் இளைஞர். ராத்திரி வாசலில் நிறுத்திய பைக் காலையில் இல்லை. உடனே ஸ்டேஷனுக்குப் போனார். "ஃப்ரெண்ட்ஸ் யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க, ரெண்டு நாள் தேடிப் பாருப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனதும் சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டதோ எஃப்.ஐ.ஆர். நகலும், வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றும். இரண்டும் அவரிடம் இல்லை. வண்டி இல்லாததால் வேலை போயிற்று. ஃபைனான்ஸில் மட்டும் மாதம் தவறாமல் தவணை கேட்டார்கள். ஒருவழியாக எஃப்.ஐ.ஆர். வாங்கியபோது, திருடு போன தேதிக்கும் எஃப்.ஐ.ஆர். தேதிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டி கம்பெனி பணம் தர மறுத்தது. வாகனத் திருட்டில் போலீசுக்கு உடனே தகவல் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு நமக்குக் கைகொடுக்க வேண்டுமென்றாலும் உடனே போலீசுக்குப் போனோம் என்பதற்குச் சான்று வேண்டும். அவர் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பழைய சி.எஸ்.ஆர். ரசீதுதான் எஃப்.ஐ.ஆர். தேதிக்கு வெகு முன்பே புகார் கொடுத்ததற்கான ஒரே சாட்சி. ஆகவே ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், தொலைத்துவிடாதீர்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

சட்டம் இதில் குழப்பமாகவும் இல்லை. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான ப. சதாசிவம் தலைமை நீதிபதியாக இருந்தபோது, ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் (சென்னையில் உதவி ஆணையர், அதாவது ஏ.சி.) முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று சொன்னால், "ஏ.சி. அனுமதி வாங்கியிருக்கீங்களா சார்?" என்று பணிவாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஏன் போட மறுக்கிறார்கள்? எஃப்.ஐ.ஆர். போட்டால் ஸ்டேஷன் கணக்கில் குற்றம் ஒன்று ஏறும். கண்டுபிடிக்காவிட்டால் நிலுவையாக நிற்கும். மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வேண்டும். போடாவிட்டால் அந்தப் பகுதியே அமைதியாக இருப்பதுபோலத் தெரியும். குற்றப்பிரிவில் இருக்கும் ஆட்களையும் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். இரவு முழுக்கத் தெருத்தெருவாகக் கடைக் கேமராக்களைப் பார்த்து, ஒரு கல்லூரி மாணவியின் ஸ்கூட்டரைப் பத்தாவது தெருவில் கண்டுபிடித்த எஸ்.ஐ. ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யார் புகார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எஃப்.ஐ.ஆர். விழுவது அநியாயம். கவுன்சிலர் போன் போட்டால் ஒரே மணி நேரத்தில் குற்ற எண் கிடைக்கிறது. வீட்டு வேலை செய்யும் அம்மாவின் போன் பறிபோனால் "பழைய போனுதானேம்மா" என்கிறார்கள்.

அந்தப் பழைய போன் விஷயத்தில்தான் மக்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தவரின் போனை பைக்கில் வந்தவர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் ரைட்டர் வெள்ளைத் தாளைக் கொடுத்து, தானே வாசகம் சொன்னாராம்: "மாநகரப் பேருந்தில் பயணம் செய்தபோது எனது கைப்பேசி எங்கோ தவறிவிட்டது. கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." சிம் கார்டு வாங்க ஒரு தாள் கிடைத்தால் போதும் என்று இவரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அன்று இரவே அவர் வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் பணம் போய்விட்டது. வங்கியில் முறையிட்டபோது, அவர் கையெழுத்திட்ட மனுவையே எடுத்துக் காட்டினார்கள். கவனக்குறைவாகத் தொலைத்துவிட்டு இப்போது பறிப்பு என்கிறீர்களே என்றார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இன்னொருவர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். பறித்தார்கள் என்றால் பறித்தார்கள் என்றே எழுத வேண்டும், ஏனென்றால் சட்டத்தில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-ஆவது பிரிவு பறிப்புக்கென்றே புதிதாக வந்தது. பொருளின் மதிப்பு எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். சாதாரணத் திருட்டு அப்படியல்ல. ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவான பொருள் என்றால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாக அதைப் புதிய சட்டம் வகைப்படுத்திவிட்டது. கூலிக்காரர் கையில் இருக்கும் நாலாயிரம் ரூபாய் போனை இப்படி ஒதுக்கிய இந்த மாற்றத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. பில் இருந்தால் கட்டாயம் இணையுங்கள், மதிப்பைக் குறையாமல் எழுதுங்கள். போனின் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), வண்டியென்றால் இன்ஜின் எண், சேஸிஸ் எண், நகையென்றால் எத்தனை பவுன், என்ன டிசைன் என்பதெல்லாம் மனுவிலேயே இருக்கட்டும். சம்பவம் நடந்த இடத்தைச் சுற்றி எந்தெந்தக் கடை, வீட்டு வாசலில் கேமரா இருக்கிறது என்றும் எழுதுங்கள். பல இடங்களில் பதினைந்து, முப்பது நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். எழுதிக் கொடுத்தும் யாரும் போய் எடுக்கவில்லை என்றால், பின்னால் நீதிமன்றத்தில் அந்த வரிதான் பேசும். ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்க மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது. அதற்கும் போலீஸ் புகார் நகல் வேண்டும்.

"எங்க லிமிட் இல்லை" என்ற பதில் சென்னையில் இப்போது அதிகமாகிவிட்டது. 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி என்று இரண்டு ஆணையரகங்கள் தனியாகப் பிரிந்த பிறகு, புறநகர்க்காரர்களை இங்கும் அங்கும் அலையவிடுகிறார்கள். மின்சார ரயிலில் பறிகொடுத்தால் அது ரயில்வே போலீஸ். பிளாட்ஃபாரத்தைத் தாண்டி வெளியே படிக்கட்டில் என்றால் எங்களுடையது இல்லை என்பார்கள் அவர்கள். இந்த அலைச்சல் வேண்டவே வேண்டாம். எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் எல்லை பார்க்காமல் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும் என்று முன்னே சொன்ன 173-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆன்லைன் மோசடி என்றால் மட்டும் முதலில் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் பணத்தை நிறுத்திவைக்க அதுதான் வழி. வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

ஸ்டேஷனில் மறுத்துவிட்டால் அங்கேயே நின்று சண்டை போடுவதில் பலனில்லை. அதே மனுவைத் தேதியோடு துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள். மறுக்கப்பட்ட விவரத்தையும் இரண்டு வரியில் சேருங்கள். வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுக்கலாம், பலர் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மனுவும் சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கே வந்து சேருவதும் உண்டு. துணை ஆணையருக்கு அனுப்பியும் நடக்கவில்லை என்றால், அந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 175(3)-ஆவது பிரிவின் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம் (இனி சொல்லும் பிரிவுகளும் அதே சட்டத்தில் உள்ளவைதான்). பிரமாணப் பத்திரம் கட்டாயம். முன்னர் அனுப்பிய மனுக்களின் நகலும் தபால் ரசீதும் இல்லாமல் போனால் மனு நிற்காது. நேரே உயர் நீதிமன்றம் போய்விடலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். இந்தப் படிகளைத் தாண்டாமல் போனால் பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள், செலவுதான் மிச்சம்.

வீட்டில் நகை காணாமல் போனால் போலீஸ் கேட்கும் முதல் கேள்வி, "யார் மேல சந்தேகம்?" யோசிக்காமல் வேலைக்கார அம்மா பெயரையோ வாட்ச்மேன் பெயரையோ சொல்லிவிடுகிறோம். அப்படி ஒரு புகார் எங்கே போய் முடியும் என்பதை 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் பார்த்தோம். நகைத் திருட்டுப் புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளம் கோயில் காவலாளி போலீஸ் அடியில் உயிரிழந்தார். வழக்கு சி.பி.ஐ. வரை போனது. ஆதாரம் இல்லாமல் பெயர் சொல்லாதீர்கள். வெறும் மனு விசாரணை என்று யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்தால், எப்போது வந்தார், எப்போது போனார் என்பதற்குக்கூடத் தாள் இருக்காது. எஃப்.ஐ.ஆர். கேட்பது உங்களுக்காக மட்டும் இல்லை, சந்தேகப்படும் அந்த ஏழைக்காகவும்தான்.

வயதானவர்கள் படும் பாடு தனி. செயினைப் பறிகொடுத்த, எழுபது வயது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கழுத்தில் இழுத்த காயம்கூட ஆறவில்லை. யாரையாவது பிடிக்கும்போதெல்லாம் "வந்து அடையாளம் காட்டுங்கம்மா" என்று போன். ஆட்டோ பிடித்துப் போய், மர பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்து, ஐயா ரோந்துக்குப் போயிருக்கார் என்று கேட்டுத் திரும்புவார். அறுபது வயதைத் தாண்டியவர்களையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும் என்கிறது 179-ஆவது பிரிவு. இதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். அடுத்த முறை ஒரு பெண் காவலர் வீட்டுக்கு வந்து போட்டோக்களைக் காட்டிவிட்டுப் போனார்.

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகும் ஸ்டேஷனைத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம், சி.எஸ்.ஆர். நிலையும் அங்கே தெரியும். தொண்ணூறு நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கு அவர்களே தெரிவிக்க வேண்டும் என்று 193-ஆவது பிரிவில் இருக்கிறது. தெரிவிக்காவிட்டால் அந்தப் பிரிவைச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

பொருள் கிடைத்துவிட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்காதீர்கள். எத்தனையோ ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளுக்கு எங்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கைப்பற்றிய பொருளைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் போட்டுவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொன்னது. இப்போது 497-ஆவது பிரிவின்படி, போட்டோ, வீடியோ எடுத்துவிட்டு முப்பது நாளுக்குள் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டும். ஆர்.சி. புத்தகமோ நகைக்கடை பில்லோ வைத்து மனு போட்டால், பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-ஐ அழைக்கலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இதில் வருமான வரம்பு கிடையாது.