கேமரா தாண்டிப் போகும் மூன்று நாட்கள்

தருமபுரி மாவட்டத்தில் மனநல சமூகப் பணியாளராக இருப்பதால், குடிநோய், மனநோய் பற்றிய ஆவணப்படங்களைத் திரையிட எடுத்துக்கொண்டு பென்னாகரம் பக்கமும் பாலக்கோடு பக்கமும் போவதுண்டு. உள்ளூர் இளைஞர்களே எடுத்த படங்களும் வருகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் பெரும்பாலும் ஒரே வார்ப்பு: முதல் காட்சியில் சாக்கடையோரம் விழுந்து கிடப்பவர், கடைசிக் காட்சியில் வெள்ளைச் சட்டையில் சிரிப்பவர். நடுவில் நடந்ததைச் சோக இசை பார்த்துக்கொள்கிறது.

அந்த நடுப்பகுதியில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்; சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். கவனிக்காமல் விட்டால் இறந்தும் போகலாம்.

எங்கள் பக்கம் குடியை விட நினைப்பவர்கள் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள், அல்லது மாலை போடுவார்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்த உறுதி மருந்துச் சீட்டில் கிடைக்காது. ஆனால் மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் கண்டபடி பேசினால் வீட்டில் சாமி குற்றம் என்று பரிகாரம் தேடுகிறார்கள். அவருக்கு அப்போது தேவைப்படுவது ஆம்புலன்ஸ்.

ஒரு திரையிடலில், நடுங்கும் கை ஒன்று திரையில் வந்தபோது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "சார், எங்கள் வீட்டுக்காரருக்கும் காலையில் இப்படித்தான். டீ டம்ளரைப் பிடிக்க முடியாது. அதனால் சரக்கில் கொஞ்சம் மீதி வைத்து நானே ஊற்றிக் கொடுப்பேன்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயை அவர் மிகச் சரியாகக் கவனித்திருக்கிறார். கையில் இருந்த ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனையில் அந்த நடுக்கத்துக்கு மாத்திரை உண்டு; சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் நம் ஊரில் அதிகம். தயமின் குறைந்து போனவருக்கு அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் படமாகக் காட்ட முடியும். யாரும் காட்டுவதில்லை.

அடுத்தது, முகம். 'மறைத்துவிட்டோம் சார்' என்பார்கள். எங்கள் ஊர்களில் குரல் போதும், பின்னால் நிற்கும் புளியமரம் போதும். இன்னார் வீட்டுப் பையன் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்த வீட்டில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் சிக்கலாகும். மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. போதையில் தலையாட்டியதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. தெளிந்த பிறகு படத்தைப் போட்டுக் காட்டி, மறுபடி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்தக் காட்சி போக வேண்டியதுதான், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சிறைசார் மனநோய் மருத்துவமனைக்குள் எடுக்கப்பட்ட 'டிட்டிகட் ஃபாலீஸ்' (1967) படத்தைப் பொதுமக்கள் பார்க்க, நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி நீதிமன்றம் தடை விதித்தது. 1991இல்தான் தடை முழுமையாக விலகியது. உள்ளே நடந்த கொடுமை வெளியே தெரியாதிருக்க அந்தரங்கம் நல்ல கேடயமாகவும் ஆகிவிடுகிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் கருகிய 28 பேரும் சங்கிலியில் இருந்தவர்கள். அப்படிப்பட்ட இடங்களுக்குக் கேமரா போகத்தான் வேண்டும். சங்கிலியை எடுங்கள், பூட்டை எடுங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டப்பட்டவரின் முகம் அதற்குத் தேவையில்லை.

படம் எடுத்து முடித்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலுக்கு முன்னால், பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்பதையும், தமிழிலும் பேசக்கூடிய இலவச மனநல உதவி எண் 14416ஐயும் எழுதிக் குறித்துக்கொள்ளும் நேரம் வரை திரையில் நிறுத்துங்கள்.