புண் ஆறுவதற்கு நிம்மதி எதற்கு?

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நோயாளியிடம், “மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்” என்று மருத்துவர்கள் சொல்கிறார்களே, அதன் பிற்பாதி வெறும் ஆறுதல்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறுதல் மட்டுமல்ல, அதன் விளைவை நாள் கணக்கில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் 3.5 மி.மீ. அளவுள்ள சிறு புண்ணைக் கோடை விடுமுறையில் ஒரு முறையும், தேர்வுக்கு மூன்று நாள் முன்பு இன்னொரு முறையும் ஏற்படுத்தினார்கள். அதே ஆள், அதே அளவுப் புண். ஆனால் 1998இல் வெளியான முடிவுகளின்படி, தேர்வுக் காலப் புண் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வின்போது ஒருவருக்குக்கூட ஆறவில்லை.

காரணம் ரத்தத்தில் இருக்கிறது. மனம் பதறும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது என்பது பள்ளிப் பாடம். அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குவதை நாம் கெடுதல் என்று நினைக்கிறோம். உண்மையில் புண் ஆறும் வேலை அந்த அழற்சியில்தான் தொடங்குகிறது. காயம்பட்ட இடத்திலுள்ள செல்கள் இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்களை வெளியிட, அவற்றின் அழைப்பில் சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை அழிக்கின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் வந்து இறந்த திசுவை விழுங்கிவிட்டுப் புதுத் திசு வளர்வதற்கான சமிக்ஞைகளை அனுப்புகின்றன. கொழுப்பில் கரையும் கார்ட்டிசால் மூலக்கூறோ செல்லின் சவ்வைத் தடையின்றிக் கடந்து, உள்ளே காத்திருக்கும் ஏற்பியோடு இணைந்து, உட்கருவுக்குள் புகுந்து, அந்த அழைப்புப் புரதங்களுக்கான மரபணுக்களையே அடக்கிவிடுகிறது. அழைப்பு மங்கினால் வெள்ளணுக்களின் வருகையும் குறைகிறது. மருந்துக்கடையில் வாங்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பில் இருப்பதும் இதே மூலக்கூறுதான். இந்த வகை ஸ்டீராய்டு மருந்துகளை நீண்ட நாள் எடுப்பவர்களுக்குப் புண் தாமதமாக ஆறும் என்பது அறுவை சிகிச்சை நிபுணர்களுக்குப் பழகிய செய்தி. ஓயாத கவலை அதே மருந்தை உடலுக்குள்ளேயே சிறுகச் சிறுகச் சுரக்கச் செய்கிறது.

ஆகவே, நோயாளியைச் சுற்றியுள்ள சூழலும் சிகிச்சையைச் சேர்ந்ததே. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. நோயாளிகளின் அறைகளில் இரவு ஒலி 30 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் வார்டுகளில் விடிய விடிய எரியும் விளக்கும், ஒலிபெருக்கியில் ஓடும் கைப்பேசி வீடியோவும், கட்டிலைச் சூழ்ந்து நின்று அடுத்தவர் நோயின் கதையைச் சொல்லும் உறவினர் கூட்டமும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. அமைதியைப் புட்டியில் அடைத்து விற்க முடியாதாகையால் மருந்து நிறுவனங்கள் இதில் பணம் போடமாட்டா. அரசு நிதிதான் இத்தகைய ஆய்வுகளைத் தாங்க வேண்டும்.

இதையே சாக்காக வைத்து, மனம் தெளிந்தால் மருந்தே வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பிவிடக் கூடாது. சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண்ணுக்கு மந்திரித்த கயிற்றைக் கட்டிவிட்டுக் காத்திருந்தால், காலையே எடுக்க வேண்டி வரலாம்.

நாம் மறந்துபோகிற இன்னொருவரும் வார்டில் இருக்கிறார். முன்பு சொன்ன ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் கையில் ஏற்படுத்திய சிறு புண், அத்தகைய சுமை இல்லாத, வயதொத்த பெண்களுக்கு ஆனதைவிட ஒன்பது நாள் தாமதமாக ஆறியது. கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் துணையாளுக்குக் கால் நீட்டித் தூங்க ஓர் இடமும், ஓரிரவாவது வீட்டுக்குப் போய்வர மாற்று ஆளும் கிடைப்பதை மருத்துவமனைகள் சிகிச்சைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.