செய்மதித் தொலைபேசியில் பதில் ஏன் பிந்துகிறது?

யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்குச் செய்மதி வழியாகக் கதைத்தால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு வெறுமை விழும். கேட்கவில்லையாக்கும் என்று திரும்பக் கேட்பதற்குள் பதில் வந்து மோதும். சத்தமாகக் கத்தினாலும் விலை கூடிய கருவி வாங்கினாலும் இது மாறாது. தூரம்தான் காரணம்.

பூமியில் இருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்கும் புவிநிலைச் செய்மதிகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலும் அதே கதியில் செய்மதியும் சுற்றுவது அந்த உயரத்தில் மட்டும்தான். ஆகவே இறக்கி வைக்க வழியில்லை. இந்து சமுத்திரத்துக்கு மேல், கிழக்கு நெடுங்கோடு 64.5 பாகையில் ஒரு செய்மதி நின்றால், யாழ்ப்பாணத்தில் இருந்து அதற்கு ஏறத்தாழ 36,200 கிலோமீற்றர். லண்டனில் அது அடிவானத்தை ஒட்டியே தெரியும் என்பதால் அங்கே இறங்க 40,900. செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும் ரேடியோ அலைக்கு இந்த 77,100 கிலோமீற்றரைக் கடக்க 0.26 செக்கன் வேண்டும். பதில் வர இன்னொரு 0.26. குரலைத் துண்டுகளாக்கிச் சுருக்கி விரிக்கும் நேரமும் சேர 0.6 செக்கனைத் தாண்டிவிடும். நேரில் கதைக்கும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க 0.2 செக்கன் அளவே எடுக்கும். அதனால்தான் இந்த இடைவெளி தயக்கம் போலக் காதில் படுகிறது.

கடலடி கேபிளில் ஒளி செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். ஆனாலும் 15,000 கிலோமீற்றர் கேபிளுக்கு 0.075 செக்கன் போதும்.

இரு முனையிலும் செய்மதிக் கருவி இருந்து, அழைப்பு நடுவில் தரை நிலையத்துக்கு இறங்கி மறுபடி ஏறினால் ஒருவழித் தாமதமே அரைச் செக்கனைக் கடக்கும். ஒருவழித் தாமதத்துக்குச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லும் உச்ச எல்லை 0.4 செக்கன். இப்படியான அழைப்பில் "சொல்லுங்கோ" என்று முடித்துவிட்டு, இரண்டு செக்கன் பொறுக்க வேண்டும். கேள்வியைத் திருப்பிக் கேட்கவே கூடாது.

எதிரொலி வேறு சிக்கல். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் மறுமுனையில்: ஸ்பீக்கர் ஒலி மைக்கில் ஏறுகிறது, அல்லது இரண்டு கம்பி வீட்டு இணைப்பு, போகும் குரலும் வரும் குரலும் தனித்தனியே செல்லும் நான்கு கம்பிப் பாதையோடு சேருமிடத்தில் ஒரு பங்கு திரும்புகிறது. முதலாவதுக்கு அங்கே ஸ்பீக்கரை நிற்பாட்டச் சொன்னால் போதும். இரண்டாவதை, திரும்பும் ஒலியைக் கணித்துக் கழிக்கும் எதிரொலி நீக்கிதான் சரிசெய்யும்.

இரிடியம் என்ற செய்மதித் தொலைபேசிச் சேவையின் செய்மதிகள் 780 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுபவை. ஏறி இறங்கும் நேரம் அங்கே சில மில்லிசெக்கன்தான். ஆனால் குரல் 90 மில்லிசெக்கன் நீளத் துண்டுகளாகப் போகிறது, செய்மதிக்குச் செய்மதி தாவவும் வேண்டும். தாமதம் குறையும், அற்றுப்போகாது.